பிக்கெட் விடுதிக்கு எந்தப் பக்கம்?

இரவு மணி ஒன்று நாற்பது. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். லின்னெட் கடற்கரைக்குப் போகிற சாலை... சிப்பி ஓட்டை நொறுக்கிக் கொட்டிய சாலை. பூனை நடந்தால்கூட நறுக் நறுக்கென்று கேட்கும். இரண்டு பக்கமும் சதுப்பு. அன்றைக்குத் தவளைகூடக் கத்தவில்லை. அந்தச் சாலையில், வீட்டுச் செருப்போடு, எழுபது வயதுப் பெண்மணி ஒருத்தி தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். மெழுகுவர்த்தி இது ஒன்றுதான். விடிவதற்குள் கரண்ட் வராது என்று சொல்லிவிட்டார்கள், புயல் அத்தனை கம்பத்தைச் சாய்த்திருக்கிறது. இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு துறைமுகத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த ரோட்ரிக்கின் அத்தைக்கு நடந்தது. ரோட்ரிக்குக்குக் கதை கட்டவே தெரியாது. மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வந்தால் வெறுங்கை என்றுதான் சொல்வான். அதனால்தான் நான் இதை நம்புகிறேன்.

அத்தையின் பெயர் வெர்லீன். அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்? தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். தங்கியிருந்த வீட்டிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில் அன்று மாலைதான் ஒரு புதுக் கம்பம் நட்டிருந்தார்கள். உச்சியில் சிவப்புக் கண்ணாடி விளக்கு, அதன்மேல் துணி சுற்றியிருந்தது. மறுநாள் காலை விழா. பழைய லின்னெட் கடற்கரையின் நினைவாக அந்த விளக்கை ஏற்றிவைக்கப் போவது வெர்லீன் அத்தை. அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான் என்று விழாக் குழு தேடிப் பிடித்திருந்தது.

ஐம்பத்திரண்டு வருடம் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. யார் கூப்பிட்டாலும் முட்டி வலி என்பாள். இந்தத் தடவை ரோட்ரிக் விடவில்லை.

"முட்டிக்கும் லின்னெட்டுக்கும் என்ன அத்தை பகை? ஒங்க அம்மா கட்டுன வீட்டையே ரெண்டு ராத்திரிக்கு வாடகைக்குப் புடிச்சிருக்கேன். நம்ம வீட்டுக்கு நாமளே வாடகை குடுத்துத் தங்குற கூத்து ஒலகத்துல எங்கயும் நடந்திருக்காது, வாங்க."

அவன் பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள், அத்தை என எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பழைய பிக்கெட் விடுதியான அந்த வீடு ஒன்றுதான் மிச்சம். மற்ற விடுதிகளெல்லாம் ஒவ்வொன்றாக விலை போய், அவை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நின்றன. அவற்றைச் சுற்றி இரும்பு கேட். கேட்டுக்குப் பூட்டு.

அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் பிடித்துவைத்திருந்த அந்தக் கரை முழுக்க, எங்கள் கறுப்பு ஜனங்களைக் கால் நனைக்க விட்ட இடம் லின்னெட் ஒன்றுதான். வருகிற வழியில் ஒரு விடுதியிலும் அறை தரமாட்டார்கள். பெட்ரோல் போடுவார்கள், கழிப்பறைச் சாவி தரமாட்டார்கள். ஆகவே செருப்பு டப்பாவில் பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வருவார்கள். வழி தெரிய ஒரு பெயர்ப்பலகை வைத்தால் மறுநாள் அது இருக்காது. அதற்குத்தான் பிரிவில் ஒரு கம்பமும் சிவப்பு விளக்கும். விளக்கு இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும், அதாவது வலப்பக்கம். இடப்பக்கம் போனால் பழைய படகுத்துறை. படகு எப்போதோ நின்றுபோயிற்று. சாலை மட்டும் நேரே போய்த் தண்ணீருக்குள் இறங்கும். தடுப்புக் கிடையாது. இருட்டில் பார்த்தால் அதுதான் அகலமான பெரிய சாலை.

கம்பத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். அன்றிரவு வந்து சேர வேண்டியவர்களின் பெயர் அதில் இருக்கும். வந்தவர்களின் பெயரை அழிப்பார்கள். கடைசிப் பெயர் அழிகிற வரை விளக்கு எரிய வேண்டும், பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும். ஆள் எதற்கு? ஒரு வருடம் சில போக்கிரிப் பையன்கள் விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய்ப் படகுத்துறைப் பக்கம் மாட்டிவிட்டார்கள். நல்லவேளை, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து அது கட்டளை மாதிரி ஆகிவிட்டது. எரிகிற விளக்கைத் தனியாக விடக் கூடாது. ஒன்று கூடவே உட்கார், இல்லாவிட்டால் அணைத்து எடுத்துக்கொண்டு வா.

விளக்குக்காரர் பெயர் ஆர்ட்டிஸ். ஒரு சனிக்கிழமை ராத்திரி அவருக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிக்கெட் விடுதிக்காரியின் மகள் வெர்லீனை ரகசியமாகக் கூப்பிட்டார். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது.

"ராலின்ஸ் குடும்பம் ஒண்ணுதான் பாக்கி கண்ணு. புருசன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. ஒங்க விடுதிக்குத்தான் வராங்க. வந்ததும் பேரை அழிச்சிட்டு விளக்கைக் கொண்டாந்துரு. எனக்குப் பதிலா நீ ஒக்காந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, என் வேலை போயிரும்."

வெர்லீன் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. தண்ணீர்மேல் கால் நட்டுக் கட்டிய நடனக் கூடத்திலிருந்து சாக்சபோன் சத்தம் காற்றில் வந்துகொண்டே இருந்தது. அங்கே ஒருவன் அவளுக்காகக் காத்திருந்தான். பிற்பாடு அவன் பெயரே அவளுக்கு மறந்துபோய்விட்டது. அதைச் சொல்லும்போதுதான் அத்தை முதலில் அழுதாளாம்.

ஒன்றரைக்கு மேல் எழுந்தாள். வழியில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிலேட்டில் இருந்த பெயரைப் புறங்கையால் அழித்தாள். விளக்கை இறக்கினாள். ஊதி அணைத்தாள்.

மறுநாள் நீர் வற்றியதும் படகுத்துறையில் காரின் கூரை தெரிந்தது. உள்ளே நாலு பேர்.

ஆர்ட்டிஸ் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிற்று. காறித் துப்பாத ஆள் இல்லை. கூட்டத்தில் அவர் வெர்லீனை ஒரே ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே போனவர் திரும்பி வரவேயில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அத்தை நினைத்தாள்... ஐம்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவளைப் போய் விளக்கேற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் எங்கிருந்து தூக்கம் வரும்?

சரி. ஒன்று நாற்பது. அத்தை கம்பத்தடியில் நிற்கிறாள். முதலில் வாசனை வந்தது. பொரித்த கோழி வாசனை... அதோடு பெட்ரோல்... அதற்கும் அடியில் சதுப்புச் சேற்றின் அழுகல் வாடை. பிறகு சத்தம். நற... நற... நறவென்று சிப்பி ஓடு நொறுங்குகிறது. மங்கிய மஞ்சளாய் இரண்டு வெளிச்சம் மெதுவாக ஊர்ந்து வந்தது. குண்டு முதுகுள்ள பழைய கார். அவள் பக்கத்தில் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"இந்நேரத்துல தொந்தரவு பண்றோம், மன்னிச்சுக்கங்கம்மா. பிக்கெட் விடுதிக்கு எந்தப் பக்கம்? பிரிவுல செவப்பு விளக்கு இருக்கும்னாங்க. கண்ணுலயே படல."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் முணுமுணுத்தது. "பத்து மணிக்கு வரேன்னு எழுதிப் போட்டுட்டு இந்நேரத்துக்குப் போய் நிக்கிறோம். எழுப்புனா திட்டப்போறாங்க."

"வழியில எங்க தங்கச் சொல்றே? மூணு எடத்துல கேட்டாச்சு, மூணு எடத்துலயும் மொகத்துலயே கதவைச் சாத்திட்டான். நான் என்ன செய்ய?"

சாதாரணப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. அதுதான் அத்தையை உலுக்கிவிட்டது. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறார்கள். ஒரு படுக்கை வேண்டும், அவ்வளவுதான்.

வலப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பத்திரண்டு வருடமாகக் கனவில் அவள் அந்த வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. வலப்பக்கம் இப்போது திறந்திருப்பது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டு மாடியில் ரோட்ரிக்கின் இரண்டு குழந்தைகளும் தூங்குகிறார்கள். சின்னதற்கு நாலு வயது.

அத்தை கையைத் தூக்கினாள். இடப்பக்கம் காட்டினாள்.

கை தானாகப் போயிற்று என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் காட்டினேன், தெரிந்துதான் காட்டினேன் என்பாள்.

"கர்த்தர் ஒங்களை ஆசீர்வதிக்கட்டும்மா," என்றார் அந்த மனிதர். தொப்பியைப் போட்டுக்கொண்டார். கார் இடப்பக்கம் திரும்பியது. பின்சீட்டில் ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பக்கத்தில் ஏழு வயதுப் பெண், தலையில் ரிப்பன். அவள் தூங்கவில்லை. பின் கண்ணாடி வழியாக அத்தையையே பார்த்துக்கொண்டு போனாள். இமைக்கவில்லை.

அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்... விழவில்லை. நறநறவென்ற சத்தம் மட்டும் சட்டென்று நின்றது. அடுத்த நொடி சதுப்பு முழுக்கத் தவளைகள் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தன.

காலையில் விழா. முந்நூறு பேர் இருப்பார்கள். முதல் வரிசையில் ஆர்ட்டிஸின் பேத்தி உட்கார்ந்திருந்தாள், இதற்காகவே பிலடெல்பியாவிலிருந்து வந்தவள். அத்தையைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"தாத்தா கடைசி வரைக்கும் ஒங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாருங்க. பிக்கெட் வீட்டுப் பொண்ணு நல்லபடியா இருக்காளான்னு. ஊரு மொத்தமும் அவரைத் தூத்துனப்போ நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் சொல்லலையாமே."

அத்தை மேடை ஏறினாள். மைக்கின் முன்னால் போய் நின்றபோது சொல்லிவிடுவது என்றுதான் நின்றாள். வாயைத் திறந்தாள். பொரித்த மீனைப் பற்றிப் பேசினாள். சாக்சபோனைப் பற்றிப் பேசினாள். ஈரத் துணியோடு திரியும் பிள்ளைகளை அம்மா எப்படி விரட்டுவாள் என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் போல ஒரு அடி வாழ்நாளில் வாங்கியதில்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

துணியை விலக்கினார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெயில்ல சார்ஜ் ஆயிக்கும்மா. இருட்டுனா தானா எரியும், விடிஞ்சாத்தான் அணையும். இனிமே இதை யாராலயும் அணைக்க முடியாது," என்று விழாக் குழுத் தலைவர் பெருமையாகச் சொன்னார்.

மத்தியானமே கிளம்பிவிடலாம் என்று அத்தை கெஞ்சினாள்.

"கைதட்டு வாங்குன உடனே கம்பி நீட்டுறீங்களே அத்தை! இன்னொரு ராத்திரிக்கும் காசு குடுத்தாச்சு. பிள்ளைங்க தண்ணிய விட்டு ஏற மாட்டேங்குதுங்க, நீங்களே வந்து கூப்புட்டுப் பாருங்க," என்றான் ரோட்ரிக்.



அன்றிரவு எல்லோரும் மாடிக்குத் தூங்கப் போன பிறகு, அத்தை கீழே கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சன்னலிலிருந்து பிரிவு தெரிந்தது. சிவப்பு விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு. ஒன்று. ஒன்றரை. பேசாமல் போய்ப் படுத்துவிடலாமா என்று பார்த்தாள்.

ஒன்று நாற்பதுக்குத் தவளைகள் நின்றன.

நற... நற... நற...

இந்தத் தடவை கார் பிரிவில் நிற்கவில்லை. தயங்கக்கூட இல்லை. வலப்பக்கம் திரும்பி நேரே வந்தது. வீட்டு வாசலில் எஞ்சின் அணைந்தது. ஒரு கதவு. இன்னொரு கதவு. மூன்று. நான்கு. மரப்படியில் காலடி ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் சளக்... சளக்... ஷூவுக்குள் தண்ணீர் இருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. கோழி வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் வந்தது.

டக். டக். டக். வீட்டில் தூங்குபவர்களை எழுப்பக் கூடாதே என்கிற மரியாதையான தட்டல்.

திறக்காமல் இருந்திருக்கலாமே என்று ரோட்ரிக்கே கேட்டிருக்கிறான். "எத்தனை தடவைடா அவங்க மொகத்துல கதவைச் சாத்துறது?" என்றாளாம் அத்தை.

திறந்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் மனைவி, தூங்குகிற பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு. அவள் பாவாடையைப் பிடித்தபடி அந்தப் பெண் குழந்தை. நான்கு பேர் காலடியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஒரு வழியா விளக்கு தெரிஞ்சுதும்மா," என்று அவர் சிரித்தார். அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. "முன்னாடி வழியில ஒரு அம்மா பக்கத்தை மாத்திக் காட்டிட்டாங்க. பாவம், அவங்களுக்கும் ஊரு புதுசு போல. ராலின்ஸ்னு எழுதிப் போட்டிருந்தோம். எங்க ரூம் இருக்குங்களா?"

"இருக்கு," என்றாள் அத்தை. "உள்ள வாங்க."

காலை ஆறு மணிக்கு ரோட்ரிக் இறங்கி வந்தபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அத்தை நாற்காலியில் இருந்தாள். தரை முழுக்கத் தண்ணீர். சேற்று வாடை. படியிலும் ஈரத் தடம், பெரிய காலும் சின்னக் காலுமாக. மாடியில் அவன் குழந்தைகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு ஒன்றுமில்லை. தடம் அவர்கள் அறையைத் தாண்டிப் போயிருந்தது. கோடி அறை வரை. வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமானைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த அறை அது. பூட்டு துருப்பிடித்திருந்தது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஈரம் கதவுக்கு அடியில் உள்ளே போயிருந்தது. உள்ளே போன தடம்தான் இருந்தது, வெளியே வந்த தடம் இல்லை.

அன்றுதான் அத்தை எல்லாவற்றையும் கொட்டினாள். சிலேட்டு, விளக்கு, ஆர்ட்டிஸ், கை காட்டியது, எல்லாம். எனக்குத் தைரியமில்லை, ஆர்ட்டிஸின் பேத்தியிடம் நீயாவது சொல்லிவிடு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்கிறேன் என்றான். இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் என்னிடமும் இருக்கிறது. நானும் சொல்லவில்லை. அதுவும் உறுத்தத்தான் செய்கிறது, என்ன செய்ய?

ஒன்றை மட்டும் அத்தை அன்றைக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில்தான் ரோட்ரிக்கிடம் சொன்னாள். அந்த மனிதர் அறை இருக்கிறதா என்று கேட்டபோது, உண்மையைச் சொல்லிவிடத்தான் அவள் முதலில் வாயெடுத்தாள். அப்போது அந்தச் சின்னப் பெண் அம்மாவின் பாவாடையை விட்டுவிட்டு முன்னால் வந்தது. ஈரக் கையால் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. அத்தை குனிந்தாள். அந்த எழுபது வயதுக் கிழவியின் காதோடு வாயை வைத்து, அப்பாவுக்குக் கேட்காமல், குழந்தை சொன்னது...

"பயப்படாதீங்க அக்கா. நாங்க தூரத்துல வரும்போதே நீங்க விளக்கை ஊதி அணைச்சதை நான் பாத்தேன். எங்கப்பாகிட்ட சொல்லவே இல்ல."